காற்றாலையும் கணக்குப் புத்தகமும்: காலநிலை மாற்றத்தில் வணிகத்தின் பங்கு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலநிலை மாற்றம் பற்றிப் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களுக்கு முடிந்தவரை தமிழ்நாட்டுக் காற்றாலைகளையே எடுத்துக்கொண்டேன். தனியார் முதலீடு பெருமளவில் இறங்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, நல்லது கெட்டது இரண்டையும் காட்டிவிட்ட துறை அது.

லாபம் தேடும் நிறுவனங்கள் காலநிலையைக் காப்பாற்றுமா?

விதி சரியாக இருந்தால் வேலையை முடித்துக் கொடுக்கும், அதுவும் அசுர வேகத்தில். விதி இல்லாவிட்டால் செய்யாது. புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடுக்கு யாரும் பில் அனுப்பாதவரை அது எந்த நிறுவனத்தின் வரவு செலவிலும் ஏறாது. கணக்கில் ஏறாததை நிர்வாகம் கவனிக்காது. மனசாட்சியோடு கவனிக்க நினைக்கும் முதலாளியையும் பக்கத்து ஆலைக்காரர் விலையில் அடித்துவிடுவார். அந்தக் கணக்கில் எதை ஏற்ற வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பும் அரசிடம்தான் இருக்கிறது.

ஆரல்வாய்மொழியில் இத்தனை காத்தாடிகள் எப்படி வந்தன?

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் போனால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி என்று வழிநெடுக இரு பக்கமும் நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி வழியே தென்மேற்குப் பருவக்காற்று மே முதல் செப்டம்பர் வரை பீறிட்டு வரும் இடம் இது. காற்று எப்போதும் இருந்தது. முதலீடுதான் பின்னால் வந்தது.

அந்த வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். முதலில் வந்தது அளவீடு. வானிலை விஞ்ஞானி அன்னா மணி ஓய்வு பெற்ற பிறகு பெங்களூருவில் ஒரு ஆய்வுப் பிரிவை நடத்தி, நாட்டின் பல பகுதிகளின் காற்று வேகத்தைத் தொகுத்து 1980களில் வெளியிட்டார். அடுத்து, 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசு மாதிரிக் காற்றாலைகள். பிறகு டென்மார்க் அரசின் உதவியோடு கயத்தாறு, முப்பந்தலில் மேலும் சில. இங்கே காத்தாடி ஓடும், கரன்ட் வரும் என்று பொதுப்பணத்தில் நிரூபித்துக் காட்டிய பிறகுதான் தனியார் வந்தார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் மின்சாரத் தொழில்காரர்கள் கிடையாது. கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல், ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைக்காரர்கள். நூற்பாலையில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு மின்சாரம். வீட்டுக்கும் வயலுக்கும் மலிவாகத் தருவதன் சுமையில் ஒரு பகுதியை மின்வாரியம் ஆலைகளின் உயரழுத்தக் கட்டணத்தில்தான் ஏற்றியது. போதாக்குறைக்கு மின்வெட்டு. சொந்தமாகக் காத்தாடி வைத்தால் இரண்டிலிருந்தும் தப்பிக்கலாம் என்பது ஆலைக்காரரின் கணக்கு.

அதைச் சாத்தியமாக்கியவை இரண்டு ஏற்பாடுகள். ஒன்று வீலிங்: முப்பந்தலில் உற்பத்தியாகும் யூனிட்டை வாரியத்தின் கம்பி வழியே அவிநாசியில் இருக்கும் ஆலைக்குக் கொண்டு சேர்ப்பது. இன்னொன்று பேங்கிங்: காற்று சீசனில் மிஞ்சும் யூனிட்டை வாரியத்திடம் வரவு வைத்து, காற்று இல்லாத மாதங்களில் எடுத்துக்கொள்வது. ஜூலையில் ஓடிய காத்தாடியின் மின்சாரத்தில் ஜனவரியில் ஆலையின் நூற்புக் கதிர் சுற்றியது. இதற்காக வாரியம் கட்டணம் வாங்கியது உண்மை. ஆனால் அந்த ஏற்பாடு இல்லாமல் எந்த வங்கியும் காத்தாடிக்குக் கடன் கொடுத்திருக்காது.

பின்னாளில் 2003 மின்சாரச் சட்டமும் 2005 விதிகளும் குரூப் கேப்டிவ் முறைக்கு வழிவிட்டன. பல ஆலைகள் சேர்ந்து குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்து, உற்பத்தியில் 51 சதவீதத்தைத் தாங்களே பயன்படுத்தினால் அது சொந்த உற்பத்தியாகவே கருதப்படும். தனியாகக் காத்தாடி வாங்க வசதியில்லாத சிறு ஆலைகளும் இதனால் உள்ளே வந்தன. இன்று மாநிலத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல்.

எல்லாம் வரியை மிச்சம் பிடிக்கத்தானே?

ஆமாம், பெரும்பாலும். அதை மறைக்க எதுவும் இல்லை. 1990களின் நடுவில், காற்றாலைக்குப் போட்ட பணம் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வருமான வரி விதி சொன்னது. ஒரு உதாரணம்: ஆலைக்கு அந்த ஆண்டு ஒரு கோடி ரூபாய் லாபம். அதே ஆண்டில் ஒரு கோடிக்குக் காத்தாடி நிறுவினால் வரிக்குரிய லாபம் பூஜ்யம். அன்றைய நிறுவன வரி 40 சதவீதத்துக்கு மேல். ஆக, 40 லட்சத்துக்கும் மேல் மிச்சம், அதுவும் முதல் ஆண்டிலேயே.

இதன் விளைவு தரையில் தெரிந்தது. ஒரு சொத்தை அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் தேய்மானம் பாதிதான் என்பது விதி. அதனால் செப்டம்பர் முடிவதற்குள் ஒரு அவசரம், மார்ச் 31க்குள் இன்னொரு அவசரம். காற்று எந்த மாதம் வீசும் என்று பார்க்க வேண்டிய தொழில், ஆடிட்டரின் நாள்காட்டியைப் பார்த்து நடந்தது. காத்தாடி நின்றாலே வரிச்சலுகை கிடைத்துவிட்டது. ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தக் காலத்தில் நிறுவப்பட்டவற்றில் கணிசமானவை எதிர்பார்த்த யூனிட்டைத் தரவில்லை. சலுகைகளைக் கழித்த பிறகும் லாபம் காட்டும் நிறுவனம் ஓரளவாவது வரி கட்ட வேண்டும் என்ற குறைந்தபட்ச மாற்று வரி 1996–97இல் வந்ததும் புதிய முதலீடு சரிந்தது.

2009இல் மத்திய அரசு வேறொரு வழியை வைத்தது: மின்தொகுப்புக்குத் தரும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு ஊக்கத்தொகை. நிறுவியதற்குப் பணம் என்ற வழிக்குப் பக்கத்தில், ஓடினால் பணம் என்ற வழியும் திறந்தது. எதற்குக் கொடுக்கிறோமோ அதுதான் கிடைக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது.

சலுகையை நிறுத்திவிட்டால் தனியார் தொடர்வார்களா?

நம்மிடம் இரண்டு அனுபவங்கள் இருக்கின்றன. 2012 மார்ச்சோடு, மேலே சொன்ன தேய்மானச் சலுகையான விரைவுத் தேய்மானமும் யூனிட் ஊக்கத்தொகையும் ஒருசேர நின்றன. அந்த நிதியாண்டில் நாடு முழுக்க 3,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவப்பட்டிருந்தது; அடுத்த ஆண்டு அது 1,700 அளவுக்கு விழுந்தது. பிறகு சலுகைகள் திரும்பின, 2016–17இல் 5,500 மெகாவாட் வந்தது. 2017இல் நிர்ணயித்த விலையைக் கைவிட்டு, குறைந்த விலை கேட்பவருக்கே தரும் ஏல முறைக்கு மாறினார்கள். முதல் ஏலத்தில் யூனிட் விலை 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது, நுகர்வோருக்கு நல்ல செய்தி. ஆனால் அடுத்த நிதியாண்டில் நிறுவியது 2,000 மெகாவாட்டைக்கூடத் தொடவில்லை.

சலுகையை என்றென்றும் கொடுக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. எப்போது, எந்த அளவில் குறையும் என்று பத்து ஆண்டுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டால் தொழில் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். திடீரென்று நிறுத்தித் திடீரென்று திறந்தால் உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைதான் முதலில் மூடும்.

தனியார் தொழில்முனைவுக்கு இதில் பெருமையே இல்லையா?

நிச்சயம் உண்டு. காற்றாலை நிறுவனமான சுஸ்லானைப் பாருங்கள். குஜராத்தில் ஜவுளித் தொழில் நடத்திய துளசி தந்தி, மின்செலவு தாங்காமல் தன் ஆலைக்கு இரண்டு காற்றாலை வாங்கினார். ஜவுளியைவிடக் காற்றாலையில் எதிர்காலம் இருக்கிறது என்று கண்டு 1995இல் சுஸ்லானைத் தொடங்கினார். நிலம் தேடுவது, நிறுவுவது, கம்பியில் இணைப்பது, பராமரிப்பது எல்லாவற்றையும் ஒரே நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்றார். நூல் நூற்கத் தெரிந்த, காத்தாடி பற்றி ஒன்றும் தெரியாத ஆலைக்காரருக்கு அதுதான் வேண்டியிருந்தது. எந்த அரசு அலுவலகத்திலும் அந்த யோசனை பிறந்திருக்காது.

அதே நிறுவனம் 2007இல் ஜெர்மனியின் காற்றாலை நிறுவனமான ஆர்ஈபவரைக் கடன் வாங்கி வளைத்துப்போட்டது. உலகப் பொருளாதாரச் சரிவு வந்தது. 2012இல் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் திருப்பித் தர முடியாமல் நின்றது. துணிச்சலும் பேராசையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. முதலாளித்துவத்திடமிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

சூரிய மின்சாரம் இவ்வளவு மலிவானதே, அது சந்தையின் சாதனைதானே?

பாதி. 2000இல் ஜெர்மனி, சூரிய மின்சாரத்தை 20 ஆண்டுக்கு உறுதியான நல்ல விலையில் வாங்கிக்கொள்வோம் என்று சட்டம் போட்டது. அந்த விலையைக் கட்டணமாகச் செலுத்தியவர்கள் ஜெர்மனியின் சாதாரண வீட்டுக்காரர்கள். வாங்க ஆள் இருக்கிறது என்றதும் சீனாவில் தொழிற்சாலைகள் பெருகின. அவற்றுக்கு நிலமும் வங்கிக் கடனும் உள்ளூர் அரசுகள் கொடுத்தன. அதன் பிறகு நிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கும் போட்டியில் விலையைத் தரைமட்டமாக்கின. பல நிறுவனங்கள் திவாலாகின.

நம் நாட்டில் 2010இல் மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் சூரிய மின்சாரத்துக்கு வைத்த விலை யூனிட்டுக்கு 17 ரூபாய் 91 காசு. 2017இல் ராஜஸ்தானின் பட்லா ஏலத்தில் 2 ரூபாய் 44 காசு. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு. இதே இடைவெளியில், 2016இல் திறக்கப்பட்ட ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதி நிலையத்தின் 648 மெகாவாட்டுக்குத் தமிழ்நாடு ஒப்புக்கொண்ட விலை 7 ரூபாய் 1 காசு. விலை சரிந்துகொண்டிருந்த நேரத்தில் நீண்டகால ஒப்பந்தம் போட்டதன் சுமை, நிறுவனத்தின் தலையில் விழவில்லை. வாரியத்தின் தலையில், அதாவது நம் தலையில் விழுந்தது. தனியார் பங்கேற்பு என்று பேசும்போது நஷ்டத்தை யார் தாங்குகிறார்கள் என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது.

புதுப்பிக்கத்தக்க மின்சாரம் மலிவானால் நிலக்கரி தானாகவே போய்விடாதா?

போகவில்லையே. இந்திய மின் உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் நிலக்கரிதான். மாலை ஏழு மணிக்கு வீட்டில் எல்லோரும் விசிறி போடும்போது சூரியன் இல்லை. சேமிக்கும் பேட்டரி, நீரை மேலே ஏற்றிவைத்துத் தேவைப்படும்போது மின்சாரம் எடுக்கும் நீரேற்று நிலையம், தூரத்துக்குக் கொண்டுபோகும் மின்வழித்தடம் இவையெல்லாம் வந்தால்தான் நிலக்கரியின் இடத்தை நிரப்ப முடியும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இதைக் குறைவாகவே பேசுகிறோம். மலிவான பொருள் என்பதும் லாபமான பொருள் என்பதும் ஒன்றல்ல. போட்டி அதிகமான சூரிய மின்சாரத்தில் லாபம் மெலிது. எண்ணெயில் லாபம் கொழுத்தது. முதலீடு எங்கே போகும்?

2020இல் பிரிட்டனின் எண்ணெய் நிறுவனமான பிபி, 2030க்குள் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. உக்ரைன் போரால் எண்ணெய் விலை ஏறி லாபம் கொட்டியது. 2023இல் 40 என்பது 25 ஆனது. 2025 பிப்ரவரியில் அந்த இலக்கையே கைவிட்டு, எண்ணெய்க்கு முதலீட்டைக் கூட்டியது. கட்டாயம் இல்லாத வாக்குறுதியின் ஆயுள் அவ்வளவுதான்.

எண்ணெய் நிறுவனங்களுக்குக் காலநிலை மாற்றம் பற்றி முன்பே தெரியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எக்ஸான் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1977இலேயே நிர்வாகத்துக்கு இதை விளக்கினார். அந்த நிறுவனத்துக்குள் போட்ட வெப்பநிலைக் கணிப்புகள் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக இருந்தன என்பதை 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்படித் தெரிந்துகொண்டே, அறிவியல் இன்னும் உறுதியாகவில்லை என்று மக்களிடம் பல ஆண்டுகள் பிரச்சாரம் செய்தார்கள். வணிகத்தோடு சேர்ந்து வேலை செய்யலாம் என்று சொல்பவன்தான் நான். ஆனால் இதை மன்னிக்க என்னால் முடியவில்லை. இழந்த அந்த ஆண்டுகளைப் பணத்தால் திருப்பி வாங்க முடியாது.

கார்பனுக்கு விலை வைத்தால் போதுமா?

விலை உறைத்தால் வேலை செய்யும். ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் கார்பன் சந்தையைத் தொடங்கியது. கார்பனை வெளியேற்றுவதற்கான அனுமதிச் சீட்டுகளைத் தாராளமாக இலவசமாகக் கொடுத்ததால் பல ஆண்டுகள் ஒரு டன் விலை ஐந்து, ஆறு யூரோவில் கிடந்தது, யாரும் அசையவில்லை. சீட்டுகளின் எண்ணிக்கையை இறுக்கிய பிறகு விலை ஏறி 2023 பிப்ரவரியில் 100 யூரோவைத் தொட்டது. அந்தச் சந்தைக்கு உட்பட்ட மின்நிலையங்கள், ஆலைகளின் வெளியேற்றம் 2005 அளவிலிருந்து 2023க்குள் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்தது.

இந்தியாவும் 2022இல் எரிசக்தி சேமிப்புச் சட்டத்தைத் திருத்தி, குறைத்த வெளியேற்றத்தை வரவாக வைத்து வாங்கி விற்கும் கார்பன் வரவு வர்த்தகத் திட்டத்தை 2023இல் அறிவித்திருக்கிறது. மொத்த வெளியேற்றத்துக்கு உச்சவரம்பு வைக்காமல், ஒரு டன் பொருளுக்கு எவ்வளவு என்ற கணக்கில் இலக்கு வைக்கிறது. வளரும் நாட்டுக்கு இது நியாயமான தொடக்கம். இலக்கைத் தளர்வாக வைத்தால் ஐரோப்பாவின் முதல் பத்தாண்டுகளைத்தான் நாமும் திரும்ப வாழ்வோம்.

கார்பன் வரவுகளை வாங்கி, விற்று ஈடுகட்டுவதை நம்பலாமா?

இதில் மிகவும் எச்சரிக்கை வேண்டும். வளரும் நாடுகளில் குறைக்கும் வெளியேற்றத்துக்கு வரவு தந்து, பணக்கார நாடுகள் அதை வாங்கிக்கொள்ள வழிசெய்தது கியோட்டோ ஒப்பந்தத்தின் கீழ் வந்த தூய்மை மேம்பாட்டு முறை. அதில், நம் நூற்பாலைகள் சங்கம் உறுப்பினர்களின் காற்றாலைகளை ஒன்றாகச் சேர்த்துப் பதிவு செய்தது. நல்ல திட்டம்தான். ஆனாலும் ஒரு கேள்வி நிற்கிறது: வரிச்சலுகைக்காகவும் மின்செலவுக்குப் பயந்தும் எப்படியும் வைத்திருக்கக்கூடிய காத்தாடிக்கு, கார்பன் வரவு எந்தக் கூடுதல் நன்மையைச் செய்தது?

அதைவிடக் கவலைக்குரியது குளிர்சாதன வாயுத் தொழிலில் நடந்தது. எச்சிஎஃப்சி-22 என்ற வாயுவைத் தயாரிக்கும்போது எச்எஃப்சி-23 என்ற கழிவு வாயு வருகிறது. புவியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல் வலிமையானது. அதை எரித்து அழிக்கும் செலவு சொற்பம், அழித்ததற்குக் கிடைத்த வரவின் மதிப்போ அதைப்போலப் பல மடங்கு. இந்தியாவிலும் சீனாவிலும் சில ஆலைகளுக்குப் பொருளைவிடக் கழிவே லாபமானது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அவ்வகை வரவுகளைத் தடை செய்தது. 2016 அக்டோபரில் இந்திய அரசு, இந்த வாயுவை வெளியிடக் கூடாது, சொந்தச் செலவில் அழியுங்கள் என்று உற்பத்தியாளர்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. அத்தனை கோடிகள் கைமாறிய விஷயத்தை ஓர் உத்தரவு முடித்துவைத்தது.

கடுமையான சட்டம் போட்டால் தொழில் ஊரைவிட்டுப் போய்விடாதா?

திருப்பூரைப் பாருங்கள். சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயம் பாழானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத ஏற்பாடு வரும்வரை சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. நூற்றுக்கணக்கான ஆலைகள் மூடின, வேலை போனது, அந்த வலி பொய்யில்லை. சில வேலைகள் வேறு ஊர்களுக்குப் போகவும் செய்தன. ஆனால் அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் மேம்படுத்தப்பட்டன, சாய ஆலைகள் திரும்ப ஓடின. திருப்பூரின் ஏற்றுமதி அதற்குப் பிறகும் வளர்ந்தது. இன்று வெளிநாட்டு வாங்குவோரிடம் அந்தச் சுத்திகரிப்பையே தங்கள் தகுதியாகச் சொல்லி ஆர்டர் எடுக்கிறார்கள்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாயக்கழிவைச் சுத்திகரித்த பிறகு மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி ஆவியாக்க ஏராளமான விறகும் மின்சாரமும் செலவாகின்றன. நதியைக் காப்பாற்ற வானத்தில் புகை விடுகிறோம். சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் காற்று, சூரிய மின்சாரத்தை இணைப்பதை அதனால்தான் இரண்டாம்பட்ச வேலையாக நினைக்கக் கூடாது.

இதே துணிகளை வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகள், எவ்வளவு பசுமை மின்சாரம் பயன்படுத்துகிறீர்கள் என்று படிவம் அனுப்புகின்றன. கேட்கட்டும், நல்லதுதான். ஆனால் அதே ஆர்டரில் பீஸுக்கு ஒன்றிரண்டு சென்ட் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினால், அந்தப் பசுமையின் செலவு எங்கள் ஊர்த் தொழிலாளியின் கூலியில்தான் கழியும்.

முதலாளித்துவத்தையே ஒழித்தால்தான் தீர்வு என்பவர்களுக்கு உங்கள் பதில்?

அவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உரிமையாளர் மாறினால் மட்டும் புகை குறைவதில்லை. நாட்டின் நிலக்கரியில் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டி எடுக்கும் கோல் இந்தியா அரசு நிறுவனம். 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரத்தை இறக்கிக் கால்வாய் வெட்டிய நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்எல்சியும் அரசு நிறுவனம்தான்.

மறுபக்கம், டென்மார்க்கின் ஆர்ஸ்டெட் நிறுவனத்திலும் பெரும்பான்மைப் பங்கு அரசுடையது. எண்ணெய், எரிவாயு, நிலக்கரி என்று வாழ்ந்த அந்த நிறுவனம் அவற்றை விட்டுவிட்டுக் கடல் காற்றாலைக்கு மாறி, 2017இல் பெயரையும் மாற்றிக்கொண்டது. நஷ்டம் பார்த்த ஆண்டுகளைத் தாங்கப் பொறுமையான பங்குதாரர் வேண்டியிருந்தது. அதே நிறுவனம் 2023இல் வட்டியும் உதிரிபாக விலையும் ஏறியதும் அமெரிக்காவில் இரண்டு பெரிய திட்டங்களைப் பாதியில் விட்டது. அரசு, தனியார் என்ற பலகையைவிட, இலக்கு எழுதப்பட்டிருக்கிறதா, மீறினால் தண்டனை உண்டா, பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட முடியுமா என்பவற்றைத்தான் நான் பார்க்கிறேன்.

தனி ஆளாக நான் என்ன செய்வது?

வீட்டு மாடியில் சூரியத் தகடு வைக்க முடிந்தால் வையுங்கள். அதைவிட, உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் மின்சாரம் பற்றிக் கேளுங்கள். அவரிடம் இதை யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் இப்போது எதைக் கேட்க வேண்டும்?

நல்ல காற்று வீசும் இடங்களையெல்லாம் 1990களின் சிறு காத்தாடிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் நிற்கும் இடத்தில் இன்று 2, 3 மெகாவாட் இயந்திரம் நிற்கலாம். இதற்காக 2024இல் மாநில அரசு ஒரு கொள்கை கொண்டுவந்தது. புதிய கட்டணங்களும் பேங்கிங் வசதி பறிபோகும் என்ற அச்சமும் பழைய உரிமையாளர்கள் பலரை எதிர்க்க வைத்தன. மாற்றுவதைவிடப் பழையதை ஓட்டுவதே லாபம் என்று விதி சொன்னால் யாரும் மாற்ற மாட்டார்கள்.

வாரியத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கடன். அதிகக் கட்டணம் தரும் ஆலைகள் சொந்தக் காற்றாலைக்குப் போனால், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தரும் மலிவு மின்சாரத்தின் சுமை யார் மேல் விழும்? அந்த மானியத்தை அரசு பட்ஜெட்டிலிருந்து நேரடியாக, தாமதமில்லாமல் வாரியத்துக்குச் செலுத்த வேண்டும். ஆலைகளும் கம்பியையும் சேமிப்பையும் பயன்படுத்துவதற்கு உண்மையான செலவைத் தர வேண்டும், அந்தத் தொகை பல ஆண்டுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

காற்று நன்றாக வீசும் ஜூலை மாதத்தில், மின்தொகுப்பு தாங்காது என்று காத்தாடிகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு போன ஆண்டுகள் உண்டு. தெற்கு மாவட்டங்களிலிருந்து மின்வழித்தடங்களும், பேட்டரி, நீரேற்றுச் சேமிப்பும் எந்தத் தேதிக்குள் முடியும் என்று ஒவ்வொரு ஆண்டும் சட்டமன்றத்தில் எழுத்தில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். மானியக் கோரிக்கை விவாதத்தில் எரிசக்தித் துறைக்கு ஒரு நாள் வரும். அந்த நாளில் இந்தக் கேள்வியை எழுப்ப ஓர் உறுப்பினர் போதும்.